உண்டியலும் ஸ்கைப்பும்

எங்கள் ஊரில் உண்டியல் என்றால் கோயிலில் இருப்பது மட்டுமில்லை. ரொறன்ரோவில் மாமா ஒருவரிடம் டொலரைக் கொடுப்பார். அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து அம்மாவிடம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். டொலரும் கடல் தாண்டாது, ரூபாயும் தாண்டாது. தாண்டுவது ஒரு தொலைபேசி அழைப்பும் நம்பிக்கையும்தான். எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது இப்படித்தான்.

2011இல் லண்டனில் இருந்த இரண்டு எஸ்தோனியர்களும் ஏறக்குறைய இதையே செய்தார்கள். தாவெத் ஹின்ரிகுஸுக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்ஸில். கிறிஸ்தோ கார்மனுக்குச் சம்பளம் பவுண்ஸில், வீட்டுக்கடன் எஸ்தோனியாவில். ஒருவரின் கணக்கில் மற்றவர் போட்டுவிட்டால் வங்கிக்கு ஏன் கொமிஷன்? அப்படிப் பிறந்ததுதான் ட்ரான்ஸ்ஃபர்வைஸ், இன்றைய வைஸ். 2021இல் லண்டன் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னேன். “உது எங்கட உண்டியல்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?” என்றா.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரே யோசனை ஓரிடத்தில் கொம்பனியாகவும் இன்னோரிடத்தில் ஒளித்துச் செய்யும் வேலையாகவும் ஏன் ஆகிறது? திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், மூன்று பேராக ஒரு மென்பொருள் கொம்பனி நடத்துகிறோம். எனக்கு இது வெறும் சிந்தனைப் பயிற்சி இல்லை.

எஸ்தோனியாவின் சனத்தொகை சுமார் 13 லட்சம். யாழ் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கும் கொஞ்சமும். 1991இல் சோவியத்திலிருந்து விடுபட்டபோது விற்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1996இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்று ஒரு திட்டம் போட்டு, பள்ளிக்கூடங்களுக்குக் கணினியும் இணையமும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2000இல், இலாபத்தைக் கொம்பனிக்குள்ளேயே மறுபடி போட்டால் வரியில்லை என்றார்கள். 2001இல் அரச தரவுகளை இணைக்கும் ‘எக்ஸ்-ரோடு’ வந்தது. உங்கள் விவரத்தை எந்த அலுவலர் எப்போது திறந்து பார்த்தார் என்பதை நீங்களே பார்க்கலாம். ஸ்கைப் வந்தது இதற்கெல்லாம் பிறகு, 2003இல்.

எங்கள் கதை வேறு. 2021இல் டொலரின் விலையை 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். சனம் எங்கே போகும்? 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2022இல் வங்கி வழியாக 380 கோடியளவுதான் வந்தது. அந்த ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. மோட்டார் சைக்கிள்காரர் மேல் இருந்த நம்பிக்கை அரசாங்கத்தின் மேல் இருக்கவில்லை. எஸ்தோனியா செய்தது, அந்த நம்பிக்கையை ஒரு சட்டமாகவும் ஒரு மென்பொருளாகவும் மாற்றியதுதான்.

ஆனால் அந்த நாட்டைச் சாமிப்படமாக மாட்டவும் மனமில்லை. வளைகுடாவுக்கு அக்கரையில், 80 கிலோமீட்டர் தூரத்தில் ஹெல்சின்கி இருக்கிறது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் கதவைத் திறந்தது. எங்களுக்கு அப்படி ஓர் அக்கரை இல்லை.

ஸ்கைப்பின் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அதைத் தொடங்கியவர்கள் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். கொம்பனியின் முகவரி லக்சம்பர்க்கில். கோட் எழுதிய கைகள் மட்டும் தாலினில். 2005இல் ஈபே அதை 260 கோடி டொலருக்கு வாங்கியது. 2025 மே மாதம் மைக்ரோசொஃப்ட் மூடிவிட்டது. ஆனால் ஹின்ரிகுஸ் ஸ்கைப்பின் முதல் ஊழியர். அதன் பொறியியலாளர்களில் ஒருவரான ஆஹ்தி ஹெய்ன்லா, பொதி கொண்டுபோகும் ரோபோக்கள் செய்யும் ஸ்டார்ஷிப்பைத் தொடங்கினார். கடை மூடினாலும் தொழில் பழகிய ஆட்கள் மிஞ்சினார்கள்.

ஆட்கள் மிஞ்சுவதுதான் எங்களுக்குச் சிக்கல். எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர் பேபாலில் காசு அனுப்புகிறேன் என்றார். இங்கிருந்து பேபாலில் அனுப்பலாம், வாங்க முடியாது. வருடக்கணக்காக இதுதான் நிலைமை. எஸ்தோனியா 2014 டிசம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு ‘இ-ரெசிடென்சி’ கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தாலினில் கொம்பனி பதியலாம். விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. ஊர்க் கொம்பனிக்கு அந்நிய முகவரியா என்று முதலில் உறுத்தியது. லக்சம்பர்க் கதைக்குப் பிறகு அந்த உறுத்தல் போய்விட்டது. முகவரி எங்கும் இருக்கட்டும், கைகள் இங்கே இருந்தால் சரி.

ஆனால் மூன்று பேரில் கெட்டிக்காரன் அடுத்த மாதம் கனடாவுக்குப் படிக்கப் போகிறான். மறிக்க எனக்கு உரிமையில்லை. தங்கச்சியின் கலியாணமும் வீட்டுக் கடனும் அவன் தலையில். ‘புலிப் பாய்ச்சலை’ முன்மொழிந்த தோமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் ஸ்டொக்ஹோமில் அகதிகளுக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, பிறகு எஸ்தோனியாவின் ஜனாதிபதியானவர். அவர் திரும்பி வர ஒரு நாடு இருந்தது. இவனைத் திரும்பி வா என்று கூப்பிட, என்னிடம் இருப்பது ஒரு மேல்மாடி.

அதனால் திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. “காசு அனுப்ப வேண்டாம் மச்சான். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், இங்க புதுசா வாற பெடியளின்ர கோடைப் பாத்துத் திருத்தித் தா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அங்க ரெண்டு வேலை செய்யோணும் எண்டு சொல்லுறாங்கள். பாப்பம்” என்றான்.