64 மேற்கோள்கள்

பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எச்-இண்டெக்ஸ் என்று போட்டு, இரண்டு இலக்கங்களுக்கு இடம் விட்டிருப்பார்கள். எனக்கு ஒன்றே போதும். 4.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "என்னா, நாலா? நாலு நம்பரையும் சொல்லு, எழுதிடறேன்" என்றார். அவருக்குத் தெரிந்த நம்பர் அதுதான்.

ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு இது. குறைந்தது நான்கு முறையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய நான்கு கட்டுரைகள் இருந்தால் 4. ஐந்தாவதை ஐந்து பேர் காட்டினால் 5. என் ஐந்து கட்டுரைகளுக்கும் வந்த மேற்கோள்கள்: 64, 12, 7, 5, 2. அந்த 64-ஐப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பாட்டி வாய்ப்புற்றுநோயில் போனவர். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயில் இல்லாத நேரமே கிடையாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் புகையிலை இல்லாமலே புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிக்கை வெளியிட்டபோது பாட்டி இல்லை. எம்.எஸ்சி.க்கு வாய்ப்புற்றுநோயை எடுத்தது அதனால்தான். கே.பி. என்ற செல் வரிசையை வளர்த்து, ஒரு செடியின் சாற்றை ஊற்றினேன். செல்கள் செத்தன. (தட்டில் எதை அதிகமாக ஊற்றினாலும் செல் சாகும் என்பது பிறகு வந்த ஞானம்.) கட்டுரை வெளியானது. யார் யாரோ மேற்கோள் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவேன்.

போன வருடம் லேப்பில் ஒரு தங்கச்சி, "அக்கா, இந்த கே.பி.யை டெஸ்ட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டாள். செல்லின் டி.என்.ஏ. கைரேகையை ஒப்பிடும் சோதனை, அவ்வளவுதான். முடிவு வந்தது: ஹீலா.

அதாவது, செத்தது உண்மை. செத்தவை வாய்ப்புற்றுநோய் செல்கள் அல்ல, கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்கள். 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்து வளர்க்கப்பட்டவற்றின் வம்சம். ஹீலா வேகமாகப் பெருகும்; பக்கத்துத் தட்டில் ஒரு துளி விழுந்தால் போதும், அங்கிருந்ததை ஓரங்கட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயர்ச்சீட்டு மட்டும் பழையதாகவே இருக்கும். வெவ்வேறு பெயரில் வளர்ந்த 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-லேயே ஒரு மாநாட்டில் சொல்லியிருக்கிறார். கே.பி.யும் ஹீலா என்பது நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியவில்லை. என் கட்டுரையைச் சரிபார்த்தவர்களுக்கும், அந்த 64 பேருக்கும்கூட.

துணைக்கு ஆள் இருக்கிறது என்பதும் தெரிந்தது. இப்படி ஆள்மாறிய செல்களை வைத்து எழுதப்பட்ட 32,755 கட்டுரைகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் எண்ணியிருக்கிறார்கள். அவற்றை மேற்கோள் காட்டியவை சுமார் 5 லட்சமாம். படித்தபோது ஒரு அற்ப நிம்மதி வந்தது, மறைக்க மாட்டேன்.

பழைய மேற்பார்வையாளருக்கு போன் செய்தேன். "இப்ப அதைக் கெளறணுமாமா? யாரும் கேக்கலையே" என்றார். கோபமில்லை, களைப்பு. அவருக்கும் ஒரு பெட்டி இருக்கும்.

அந்தக் கட்டுரையை விட்டுவிட்டால் என் எண் 3. படிவத்தில் 4 என்றுதான் எழுதினேன். அனுப்பிய அன்று இரவே இதழுக்குத் திருத்தக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஆறு வரி எழுத மூன்று நாள் பிடித்தது. "வாய்ப்புற்றுநோய்" என்று வரும் இடங்களை எண்ணிப் பார்த்தேன், 41. தலைப்பிலும் ஒன்று.

திருத்தம் வெளியாகி ஐந்து மாதமாகிறது. அதை யாரும் மேற்கோள் காட்டவில்லை. கட்டுரையின் எண்ணிக்கை மட்டும் 67 ஆகியிருக்கிறது. புதிதாக வந்த மூன்றில் இரண்டைத் திறந்து பார்த்தேன், இரண்டிலும் கே.பி. வாய்ப்புற்றுநோய் செல்லாகவே இருக்கிறது. அவர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். அம்மா மட்டும் கேட்டார், "இப்பல்லாம் ஏன் படம் அனுப்ப மாட்ற?"