நீரோட்டமும் துறையும்

வெள்ளவத்தைக் கரையில் மாலைதோறும் உலவி வந்தமையால், கடல் எமக்குப் பழகிய பொருளென்றே யாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் நெடுந்தீவுக் கடலிற் படகோட்டும் முதியவர் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், மாணவர் பதினெண்மருடன் நெடுந்தீவு சென்றோம். ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்குமரத்தையும் குதிரைகளையும் கண்டு, பிற்பகலில் மீளப் புறப்பட்டோம். சோளகக் காற்று வலுத்திருந்தது. படகோட்டி மறுத்தார். இரவுப் புகையிரதத்தைத் தவறவிடலாகாதென்று யாம் வற்புறுத்தினோம், கடிந்தும் பேசினோம்.

“புகையிரதம் நாளைக்கும் ஓடும், மாஸ்ரர். கரையிலை பிள்ளையள் உங்கடை பொறுப்பு, கடலிலை என்ரை பொறுப்பு” என்றார் அவர்.

அன்றிரவு தீவிலேயே தங்கினோம். காற்றுத் தணிந்த விடியற்காலையில் படகு புறப்பட்டது. அப்போதும் அவர் குறிகட்டுவான் துறைக்கு நேரே செலுத்தாது, அதற்குத் தெற்கே அணியத்தைத் திருப்பினார். மாணவன் ஒருவன் வழி தவறியதோவென அஞ்சினான். முதியவர் நகைத்து, “துறையைப் பாத்து ஓடினால் துறை தப்பும், தம்பி. தண்ணி இழுக்கிறதையும் சேத்துக் கணக்குப் பாக்கவேணும்” என்றார். சொன்னவாறே படகு துறையிற் சேர்ந்தது.

சோளகக் காலத்திற் பாக்குக் கடலின் நீர் பொதுவாக வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். தீவுகளுக்கிடையே வழி ஒடுங்குமிடத்து ஓட்டம் விரையும். காற்று அதற்கு எதிர்த்து வீசின் அலை குறுகிச் செங்குத்தாய் எழும். கரீபியத் தீவுகளினிடையே பாய்க்கப்பல் செலுத்துவோரும் இவ்விதியையே அறிந்து, ஓட்டத்திற்கு மேற்புறமாகக் குறிவைப்பர். வேளை பார்த்தே புறப்படுவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொசெஸ்ரர் துறையை அடைந்தபோது, அதிலிருந்த வல்வை மாலுமிகளுக்கும் இவ்வறிவே துணையாயிருந்திருக்கும்.

அன்று எம் அவசரத்திற்கு அவர் இணங்கியிருப்பின் என்ன நேர்ந்திருக்குமென எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நடுங்குகின்றது. பதினெட்டுத் தாய்மாருக்கு யாம் என்ன விடை கூறியிருப்போம்? அதன்பின் வகுப்பில் எம்மாணவனையும் விரைவுபடுத்துமுன், அவனை எவ்வோட்டம் இழுக்கின்றதென நோக்கப் பழகினோம். வறுமை ஒருவனை இழுக்கும். வீட்டுத் துயர் மற்றொருவனை இழுக்கும். அவற்றைக் கணக்கிடாது பரீட்சை என்னுந் துறையை மட்டுங் காட்டுதல் ஆசிரியர்க்கு அழகன்று.

அப்பதினெண்மரும் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவர். இவ்விழா மலரை அவர்கள் எத்துறையிலிருந்து வாசிப்பினும், அம்முதியவரை ஒருகால் நினைப்பாராக.