பனித்துளியும் பனியன் துணியும்

திருப்பூருக்கு வருகிறவர்கள் பனியன் வாங்க வருவார்கள், அல்லது பனியன் விற்க வருவார்கள். பனியைப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. அதற்குத்தான் பக்கத்திலேயே உதகமண்டலம் இருக்கிறதே! ஆனாலும் மார்கழியில் நாலு நாள் இந்த ஊரில் தங்கி, விடியற்காலையில் வாசல் கதவைத் திறந்து பாருங்கள். தெருவோரம் வரிசையாக நிற்கும் மோட்டார் கார்களின் கூரையெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். முன் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதவும் செய்கிறார்கள்.

குளிர் என்றால் டில்லிக் குளிர் என்று நினைத்துவிடாதீர்கள். 18 டிகிரி, 20 டிகிரி, அவ்வளவுதான். அதற்கே திருப்பூர்க்காரர் மப்ளர் கட்டிக் கொள்கிறார். ஊருக்கெல்லாம் பின்னலாடை தைத்துக் கொடுக்கிறவர், தாமும் ஒன்றைப் போட்டுக் கொள்ளட்டுமே!

மரத்தடியிலும் போர்ட்டிகோவிலும் நின்ற கார் நனையாமல் இருக்க, திறந்த வெளியில் நின்ற கார் மட்டும் ஏன் குளித்தாற்போல் இருக்கிறது? வானம் தெளிவாக இருக்கும் இரவில் மெல்லிய தகரக் கூரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. அதன்மேல் படுகிற காற்றில் உள்ள ஈரம் துளியாகிவிடுகிறது. தலைக்கு மேலே ஒரு கிளையோ தாழ்வாரமோ இருந்தால் சூடு அவ்வளவு சுலபமாகப் போகாது. பாட்டிமார் குழந்தையைப் பனியில் விடாதே என்று திண்ணைக்குள் இழுத்துக் கொண்டதில் இத்தனை விஞ்ஞானம் இருந்திருக்கிறது.

துளி மட்டும் என்றால் தொல்லையில்லை. பகலெல்லாம் லாரியும் டெம்போவும் கிளப்பிய புழுதி, மில் பக்கமிருந்து வரும் பஞ்சுத் தூசி, எல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டிக் கொண்டு மெல்லிய சேறாகிவிடும். வெயில் வந்தால் அதுவே காய்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும். ஆகையால் கார் வைத்திருக்கும் வீடுகளில் ஐந்தரை மணிக்கே துடைக்கும் படலம் ஆரம்பமாகிறது.

அந்த நேரத்தில்தான் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரமும். ஒரு தெருவில் நான் கண்ட காட்சி இது. வீட்டம்மாள் பூசணிப்பூ வைத்து, எட்டுத் தெருவுக்குத் தெரியும்படி கோலம் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு டிரைவர் வாளித் தண்ணீரைக் காரின் கூரையில் கவிழ்த்தார். தண்ணீர் சரிவு பார்த்து ஓடி, நேராகக் கோலத்தின் வலது மூலையில் புகுந்தது.

"ஏனுங்க அண்ணா, ரோட்டுக்கா தண்ணி ஊத்தறீங்க, காருக்கா?"

"காருக்குத்தானுங்க்கா. அது கேக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?"

"நாளைக்கு நான் கோலத்தைக் காரு மேலேயே போட்டுடறனுங்க, பார்த்துக்குங்க."

சண்டை அதோடு முடிந்தது. மறுநாள் டிரைவர் வாளியை விட்டுவிட்டு ஒரு குவளையோடு வந்தார். குவளைத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தி எடுத்து, காய்ந்த துணியால் துடைத்தார். வாளி போட்டுக் கழுவியதைவிடக் கார் நன்றாகவே இருந்தது. அதன் காரணத்தைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்த ஊரின் கதை பாதி புரிந்தது.

காரணம் தண்ணீர். இங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதில் காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால், தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் வெள்ளைப் பொட்டுகளாக நின்றுவிடும். கறுப்புக் கார் என்றால் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும். பனித்துளியோ வானத்தின் சொந்தச் சரக்கு; அதில் உப்பு இல்லை. தூசியைக் கூட்டிக் கொண்டு வருவதுதான் அதன் குற்றம்.

உப்பு எங்கிருந்து வந்தது? கொங்கு நாட்டுத் தரையில் இயற்கையாகவே சில இடங்களில் உவர் உண்டு. ஆனால் திருப்பூரில் மனிதர் சேர்த்த உப்பு அதிகம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் உப்புப் போட வேண்டும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராம் வரை போகும். கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு அதற்கு மேலும் ஆகும். நம் வீட்டு ரசத்துக்குப் போடுகிற உப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், மயக்கம் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணியிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது.

வெளியே என்றால் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் தொட்டுக் கொண்டு போய், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. ஏற்றுமதி பெருகப் பெருக, வெளிநாட்டில் இந்த வருஷம் என்ன நிறம் மோஸ்தரோ அது நொய்யலில் ஓடியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு வந்து தேங்கிற்று. கிணறுகள் கெட்டன, தென்னை வாடிற்று, விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். கடைசியில், 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துக் காட்டினால்தான் திறக்கலாம் என்று உத்தரவு. ஊர் ஸ்தம்பித்துப் போனது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து கொண்டவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். சாயத் தண்ணீரை வடிகட்டி மறுபடியும் உபயோகிக்கிறார்கள். உப்பையும் மீட்டு எடுக்கிறார்கள். ஆனால் பூமிக்குள் முன்பே இறங்கிவிட்ட உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வருமா? கார் மேல் இருக்கிற வெள்ளைப் பொட்டில் அதில் கொஞ்சம் இருக்கக் கூடும்.

அமெரிக்காவில் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்களுக்கு இன்னொரு உப்புக் கதை தெரிந்திருக்கும். அங்கே பனிக் காலத்தில் ரோட்டில் ஐஸ் கட்டாமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். அது காரின் அடிப்பாகத்தில் ஒட்டித் துருப்பிடிக்க வைக்கும். கை விறைக்கிற குளிரிலும் பிள்ளைகள் காரைக் கழுவக் கொண்டு போவது அழகுக்காக இல்லை, தகரத்தைக் காப்பாற்ற. நியூஜெர்ஸியிலும் திருப்பூரிலும் காருக்குச் சத்துரு ஒன்றேதான்.

சரி, துடைக்கிற துணிக்கு வருவோம்.

சென்னையிலும் மதுரையிலும் பெட்ரோல் பங்குகளில், மெக்கானிக் கடைகளில், டாக்ஸிக்காரர் சீட்டுக்கு அடியில், கலர் கலராக ஒரு துணி இருக்கும். கிலோக் கணக்கில் விற்கிற 'பனியன் வேஸ்ட்'. அதில் பெரும்பங்குக்குப் பிறந்தகம் இந்த ஊர்தான். பனியன் கம்பெனியில் துணியை அடுக்கி வைத்து வெட்டும்போது, 100 கிலோத் துணியில் 10 கிலோவோ அதற்கு மேலோ துண்டாகக் கழிந்துவிடும். கழுத்து வெட்டிய இடத்தில் விழுகிற துண்டு அரைச் சந்திரன் போல இருக்கும். அக்குள் துண்டு மாங்காய்க் கீற்று. ஓரத் துண்டு ரிப்பன். எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேஸ்ட் குடோனுக்கு அனுப்புகிறார்கள்.

அப்படி ஒரு குடோனை எட்டிப் பார்த்தேன். மலை மலையாகத் துணி. நடுவே ஏழெட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கை போகிற வேகத்தைக் கண் பின்தொடர முடியவில்லை. வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு, மஞ்சள், நீலம். எனக்கு நீலம் என்றால் ஒன்றுதான். அவர்கள் அதையே நாலு குவியலாகப் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

"இதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசங்க்கா?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க கண்ணு. இது மயில் கழுத்து, அது ஆகாசம். கலந்துட்டா நூலு கெட்டுப் போயிடும்" என்றார், அங்கே மூத்தவர்.

பெரிய துண்டுகள் துடைக்கும் துணியாகப் போகும். சின்னவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தைத்தும் விற்பார்கள். மிச்சமெல்லாம் மெஷினில் பிய்த்துத் திரும்பவும் பஞ்சாக்கப்பட்டு, மில்களில் நூலாகிறது. ஜமுக்காளம், போர்வை, மிதியடி என்று மறுஜன்மம் எடுக்கிறது. நிறம் சரியாகப் பிரித்திருந்தால் அந்த நூலுக்கு மறுபடியும் சாயம் போட வேண்டியதே இல்லை. சாயம் இல்லையென்றால் உப்பும் இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கிற அந்த அக்காவின் கண், எத்தனையோ வாளித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கிடைக்கிற கூலி, ஊரில் தையல் மெஷினில் உட்காருகிறவர்களின் கூலிக்கு எட்டாது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமலிருக்கச் சேலைத் தலைப்பைத்தான் கட்டிக் கொண்டிருந்தார்கள். ஊரில் இத்தனை துணி இருக்க, ஒரு முகக்கவசம் தைத்துக் கொடுக்க எத்தனை நேரமாகும்?

கார் துடைக்க எதை வாங்குவது என்றும் அவரிடமே கேட்டுக் கொண்டேன். வெள்ளைக்கு விலை கூடுதல். சாயம் ஒட்டாது, அழுக்கும் தெரியும். சலவை செய்யாத பழுப்புத் துணி வேண்டாம். பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகு போகாததால் தண்ணீரை உறிஞ்சாது. பாலியெஸ்டர் கலந்ததும் வேண்டாம். ஈரத்தைத் தள்ளிக் கொண்டு போகுமே தவிர எடுக்காது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே போனால் நல்ல துணி. உருண்டு நின்றால் வைத்துவிடுங்கள். தையல் முடிச்சும் லேபிளும் இருந்தால் வெட்டி எறிந்துவிட வேண்டும்; பெயிண்டைக் கீறும். பின்னிய துணி வளையம் வளையமாக இருப்பதால்தான் வேட்டித் துணியைவிட அதிகம் குடிக்கிறது, மெத்தென்றும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பது, பித்தளைச் செம்பைச் செங்கல் பொடியால் தேய்ப்பது மாதிரி. முதலில் ஈரத் துணியால் ஒத்தி எடுத்த பிறகுதான் காய்ந்த துணி. கோலக்கார அம்மாளுக்குப் பயந்து அந்த டிரைவர் செய்தது இதைத்தான்.

ஒரு கிலோ வெள்ளையை வாங்கிக் கொண்டு, நிஜப் பனியையும் பார்த்துவிடலாமென்று உறவினர் காரில் உதகைக்குக் கிளம்பினோம். அவிநாசி 14 கிலோமீட்டர். அங்கே பெரிய தேரைப் பார்த்து, இதை யார் துடைப்பார்கள் என்று குழந்தை கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அன்னூர், மேட்டுப்பாளையம், பாக்குத் தோப்புகள், கல்லாறு, பிறகு வளைவுகள். குன்னூரில் கண்ணாடியைச் சாத்தினோம். ஊட்டியில் ஸ்வெட்டர் போதவில்லை.

மறுநாள் காலை தலைகுந்தா பக்கம் போனபோது புல்வெளியெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது. திருப்பூரில் துளியாக நின்ற அதே சங்கதி இங்கே உறைந்து படிகமாகிவிட்டது. குளிர்ந்த காற்று கனம் ஆனதால் பள்ளத்தில் இறங்கித் தங்குகிறது. அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி அதிகம் என்றார் எங்கள் டிரைவர். கார்களின் முன் கண்ணாடியில் வெள்ளைத் தகடு.

பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர் ஒருவர் பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கண்ணாடியில் ஊற்றப் போனார். எங்கள் டிரைவர் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக் கொண்டார். "சார், சார்! விரிசல் விட்டுடுமுங்க. அதைக் காப்பி போட்டுக் குடிங்க, அதுக்குள்ள இது தானா இளகும்!"

அப்படியேதான் நடந்தது. எஞ்சினை ஓட விட்டு, உள்ளே கண்ணாடிக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட்டார்கள். வைப்பரை அவசரப்பட்டு இழுக்கவில்லை. உறைந்து ஒட்டியிருக்கும்போது இழுத்தால் ரப்பர் கிழிந்துவிடும். இளகினதும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல வழித்துவிட்டு, திருப்பூர் வெள்ளைத் துணியால் ஒரே துடை. உள்ளூர்க்காரர்கள் இரவே காய்ந்த சாக்கையோ அட்டையையோ கண்ணாடி மேல் போட்டு வைத்திருந்தார்கள். ஈரத் துணியைப் போட்டால் அதுவும் சேர்ந்து உறைந்து ஒட்டிக் கொள்ளுமாம்.

சுற்றுலாக்காரர் துணியைக் கடன் கேட்டார். இரண்டு துண்டு கொடுத்தோம். ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு அவர் மனைவி சிரித்தார். அதன் ஓரத்தில் ஏதோ ஐரோப்பியக் கடையின் பெயர் பாதி அச்சாகியிருந்தது. கப்பலேற வேண்டிய துணி, கழுத்து வெட்டில் தப்பித்து நீலகிரிக்கு வந்துவிட்டது.

மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் காரில் மறுபடியும் புழுதி. வெள்ளைத் துணியில் பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. அதைச் சோப்புப் போட்டு அலசி உலர்த்தினால் இன்னும் பத்துத் தடவைக்கு வரும் என்கிறார் டிரைவர். அதற்குப் பிறகு சைக்கிள் செயின் துடைக்க வைத்துக் கொள்வாராம்.