கேட்காமல் விட்ட பத்து எழுத்து

"குலுக்கல்ல பேர் விழலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க சார். நியாயம்தான். ஆனா எனக்கு மனசு ஆறலை."

2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த வாரத்தில் அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். வயது முப்பது. தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எட்டு வருடமாக வேலை. அப்பா போன பிறகு தம்பியின் படிப்பும் அம்மாவின் கண் ஆபரேஷனும் அவர் சம்பளத்தில்தான் நடந்தன. தம்பி வேலையில் சேர்ந்த மாதமே, "ஒரு வருஷம் எனக்குன்னு இருந்துட்டு வரேம்மா" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். கை வளையல்களை அடகு வைத்து, வேறு ஊரில் இருந்த ஒரு விசா ஆலோசனை நிறுவனத்துக்கு இரண்டு தவணையாக 1,40,000 ரூபாய் கட்டியிருந்தார்.

அவர் ஆசைப்பட்ட விசா உண்மையானது. இந்தியா ஆஸ்திரேலியா பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்தது. அதன் பயனாக 462 என்ற எண்ணுள்ள 'வேலையும் விடுமுறையும்' விசா நம் நாட்டு இளைஞர்களுக்கும் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர். 18 முதல் 30 வயது வரை. ஒரு வருடம் அங்கே ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். ஆனால் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முன்கூட்டியே வேலை தேடி வைத்திருக்க வேண்டியதில்லை. முதல் பதிவு 2024 அக்டோபர் 1 முதல் 31 வரை நடந்தது. இணையத்தில் பதிந்து 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டினால், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 1,400 ரூபாய், பெயர் கணினிக் குலுக்கலில் சேரும். பெயர் விழுந்தவர்கள்தான் பிறகு விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும்.

1,400 ரூபாய் வேலைக்கு 1,40,000. தொகையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வைத்து வழக்குப் போட முடியாது. அதிகக் கட்டணம் வாங்கினார்கள் என்பது மட்டும் மோசடி ஆகாது. 'சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியின் கீழ் அவர் கையெழுத்தும் இருந்தது. அந்த நிறுவனம் எங்கேயும் வேலை வாங்கித் தருவதாக எழுதவில்லை. 'விசா ஆலோசனை' என்றே எழுதியிருந்தது. வேலைக்கு ஆள் அனுப்புவதாக ஒரு வரி இருந்திருந்தால், உரிமம் இல்லாமல் செய்ததற்காக 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தைக் கையில் எடுத்திருப்பேன். அந்த வாசலை அவர்களே யோசித்து அடைத்திருந்தார்கள்.

நவம்பரில் அவருக்கு வந்த கடைசி வாட்ஸ்அப் செய்தி: "தங்கள் பெயர் தேர்வாகவில்லை. அடுத்த ஆண்டு முயற்சிக்கலாம்."

"அடுத்த வருஷம் எனக்குக் கிடையாது சார். மாசி வந்தா முப்பத்தொண்ணு" என்றார்.

அன்று இரவு ஆஸ்திரேலிய உள்துறையின் இணையப் பக்கத்தில் பதிவுக்கான விதிகளைப் படித்தேன். பிற நாட்டு விதியைச் சொந்தமாகப் படிக்காமல் வழக்கைத் தொடுவது என் வழக்கமில்லை. இந்தியர்கள் பதிவு செய்ய இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்றிருந்தது. ஒன்று பாஸ்போர்ட். இன்னொன்று பான் எண்.

அவர் கொடுத்துவிட்டுப் போன வாட்ஸ்அப் நகல்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நிறுவனம் கேட்டவை வரிசையாக இருந்தன: பாஸ்போர்ட் முதல் பக்கம், புகைப்படம், டிகிரி சான்றிதழ், ஆதார் முன்பக்கம், பின்பக்கம். 'ஆதார் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும்' என்று ஒரு செய்தி. பான் என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"பான் கார்டு இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"அவங்க கேட்டாங்களா? போன்ல, நேர்ல, எப்பவாவது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேக்கவே இல்லையே சார்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப என் பேரு அந்தக் குலுக்கல்லயே இல்லையா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் நினைவில்லை. அந்தக் குரல் நினைவில் இருக்கிறது.

போலீஸ் புகார் வேண்டாம் என்று அவர் அம்மா மன்றாடினார். எனவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்கள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும் மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் சாதாரண மனிதர்களுக்குத் தந்த பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வாட்ஸ்அப் நகல்களை, மின்னணு ஆவணங்களுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றோடு தாக்கல் செய்தேன்.

எதிருரையில் எதிர்பார்த்ததே வந்தது: முறைப்படி பதிவு செய்தோம், அதிர்ஷ்டம் இல்லை, எங்கள் சேவையில் குறைவில்லை. பான் பற்றி மனுவில் நான் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. பதிவு செய்ததாக அவர்கள் பிரமாண வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் எழுத்துமூலக் கேள்விகளை அனுப்பினேன். மூன்றே கேள்விகள். எந்தத் தேதியில் பதிந்தீர்கள்? 25 டாலர் கட்டிய ரசீது எங்கே? பாஸ்போர்ட்டுடன் மனுதாரரின் வேறு எந்த அடையாள எண்ணைக் கொடுத்தீர்கள்?

முதல் கேள்விக்கு 'அக்டோபர் மாதத்தில்' என்று பதில். இரண்டாவதற்கு 'அலுவலகக் கணினி பழுதானதால் கிடைக்கவில்லை'. மூன்றாவதற்கு 'ஆதார் எண்'.

வாதத்தின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்சியை மாற்றிக்கொண்டார். பதிவே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும் மனுதாரருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். 1,000 இடத்துக்கு முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 இந்தியர்கள் பதிந்ததாக ஆஸ்திரேலியத் துணை அமைச்சரே சொல்லியிருக்கிறார். நாற்பதில் ஒன்றுகூட இல்லாத வாய்ப்புக்கு என்ன விலை என்றார். வலுவான வாதம்தான்.

அதற்கு நான் 1911-ஆம் ஆண்டு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பான சாப்ளின் எதிர் ஹிக்ஸ் வழக்கைக் காட்டினேன். நடிகைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி. கடைசிச் சுற்றுக்கு வந்த 50 பேரில் 12 பேருக்கு மேடை வாய்ப்பு. நேர்காணல் கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் ஒரு பெண் அந்தச் சுற்றையே இழந்தார். ஜெயித்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கிடுவது கடினம் என்பதற்காக இழந்த வாய்ப்புக்கு மதிப்பே இல்லை என்றாகாது என்று சொல்லி, அவருக்குக் கிடைத்த 100 பவுண்டை நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண்ணுக்கு நாலில் ஒன்று. என் கட்சிக்காரருக்கு அதைவிட மிகக் குறைவு. எண் சிறிதென்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவருக்கு இருந்த ஒரே எண் அது, இனி அதுவும் கிடையாது என்றேன். சட்டப் புத்தகத்திலிருந்து படித்த வாதம் அல்ல அது. "என் பேரு அந்தக் குலுக்கல்லயே இல்லையா" என்ற குரல்தான் என்னைப் பேச வைத்தது.

பத்து மாதத்தில் உத்தரவு வந்தது. 1,40,000 ரூபாய் வட்டியோடு திரும்ப வேண்டும். மன உளைச்சலுக்கு 30,000. செலவுத் தொகை 5,000. வாங்கிய பணத்துக்குச் சொன்ன வேலையைச் செய்யாததும், செய்ததாகப் பொய் சொன்னதும் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இழந்த வாய்ப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேல்முறையீடு போவோமா என்று கேட்டேன். "வளையலை மீட்டுட்டேன் சார், போதும்" என்றார். அந்த ஒரு வரிக்காகப் போயிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்த போதே அடுத்த பதிவு திறந்தது. ஒரு சாயங்காலம் தன்னோடு வேலை பார்க்கும் இருபத்து நாலு வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். என் அலுவலகக் கணினியில் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு அவர்களிடம் இல்லாததால் என் கார்டைக் கொடுத்தேன். சின்னவள் தட்டச்சு செய்ய, இவர் பக்கத்தில் நின்று அவளுடைய பான் கார்டை வெளிச்சத்தில் பிடித்து, பத்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். முடிந்ததும், "இன்னொரு தடவை சரி பாரு" என்று முதலிலிருந்து மறுபடி படித்தார்.