இது இன்னொரு திருவண்ணாமலை... காவலுக்கு ஆள் தேடும் மலையடிவாரத் தோப்புகள்!

'திருவண்ணாமலைக்குப் போறோம்' என்றால் எல்லோருக்கும் கிரிவலம்தான் ஞாபகம் வரும். ஆனால், விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சின்னக் குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். 'தென் திருப்பதி' என்பார்கள். திருப்பதி போக முடியாதவர்கள் இங்கு வந்து நேர்த்திக்கடனை முடிப்பது வழக்கம். புரட்டாசி சனிக்கிழமைகளில் படியெல்லாம் கூட்டம்தான்.

மதுரையில் இருந்து காரில் கிளம்பினால் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாக சுமார் 75 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோடையில் வந்தால் பாதி வழி வரை பொட்டல்தான். வெடித்துக் கிடக்கும் கரிசல், சீமைக் கருவேலம், தூரத்தில் ஆட்டு மந்தை. கிருஷ்ணன்கோவில் நெருங்கும்போது மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தைப் பார்த்து, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவையும் வாங்கிக்கொண்டு குன்றுக்குப் போகலாம். மேலே ஏறி நின்றால் மலையடிவாரம் முழுக்கத் தென்னை, மா. ராஜபாளையம் வரை இதே பச்சைதான்.

பச்சை தானாக வரவில்லை

தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலேயே கொட்டிவிடும். இந்தப் பக்கக் கண்மாய்கள் நிறைய ஐப்பசி, கார்த்திகை மழை வேண்டும். மற்ற மாதங்களில் கிணறும் மோட்டாரும்தான் கதி. மும்முனை கரன்ட் எப்போது வருகிறதோ, அப்போது எழுந்து மோட்டார் போட ஒருவர் தோப்பிலேயே இருக்க வேண்டும்.

உரிமையாளர்கள் பலர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார்கள். போனிலேயே விசாரணை நடக்கும். "தண்ணி பாய்ச்சியாச்சா?" "இன்னும் கரன்ட் வரல மொதலாளி. வந்ததும் போட்டுர்றேன்." அந்தப் பதிலைச் சொல்லும் குரல்தான் இப்போது கிடைப்பதில்லை. 'தோப்புக் காவலுக்குக் கணவன், மனைவி தேவை, தங்க வீடு உண்டு' என்று சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆள் கிடைக்காததற்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். மில்லில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். தோப்புக் காவலுக்கு ஷிப்ட் கிடையாது.

ராத்திரி வரும் விருந்தாளிகள்

இந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. காட்டுக்கு நல்ல செய்திதான். ஆனால், காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே சுவர் இல்லையே! காட்டுப்பன்றி வந்தால் மண்ணைக் கிளறிப்போடும். யானை வந்தால் இளம் தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்னும். மா காய்க்கும் காலத்தில் பழ வாசனைக்கும் வரும். சில வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்று ஒரே ராத்திரியில் போய்விடும். விடிந்ததும் வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொன்னால்தான் நிவாரணத்துக்கு வழி. அதைச் சொல்லவும் அங்கே ஆள் வேண்டுமே!

துணைக்கு ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் உண்டு. 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த வெள்ளை வேட்டை நாய் இது. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் பிறப்பதால், பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் குரைக்கத்தான் செய்யும்... மோட்டார் போடாது!

ஒப்புக்கொள்ளும் முன்...

'நகரமே வேண்டாம், தோப்பில் போய் இருந்துவிடலாம்' என்று நினைக்கும் தம்பதிகள் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறதா, வெளி விளக்கு எரிகிறதா, செல்போன் சிக்னல் கிடைக்கிறதா, பிள்ளைகளின் பள்ளிக்கு பஸ் உண்டா, பாம்பு கடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போக வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளத் தேதியையும், மாதத்தில் எத்தனை நாள் லீவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆள் தேடும் உரிமையாளர்களும் இதே கேள்விகளைத் தங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மரத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள், காவலுக்கு இருப்பவரின் வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்களா? குடும்பம் நிம்மதியாகத் தங்க முடிந்தால்தான் காவலும் நிலைக்கும்.

அடுத்த புரட்டாசிக்குக் குன்றேறுபவர்கள், பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அந்தப் பச்சையை ஒரு நிமிடம் பாருங்கள். அதற்குள் எங்கோ ஓர் ஓட்டு வீட்டில் யாரோ ஒருவர் கரன்ட்டுக்காகக் காத்திருப்பார்.