வளர்த்தவன் போடும் கையெழுத்து

பள்ளியில் ஏறி விளையாடும் கம்பியிலிருந்து விழுந்து என் மகள் முழங்கையை முறித்துக்கொண்டபோது அவளுக்கு ஆறு வயது. லண்டனில் ஒரு மருத்துவமனை. மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டும். சம்மதப் படிவத்தோடு வந்த செவிலியர், "நீங்கள் அவளுக்கு யார்?" என்றார். "அப்பா" என்றேன். "சட்டப்படி பெற்றோர் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறதா?" கையில் எடுத்த பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

அவளைப் பெற்ற தந்தை அவளுடைய ஒரு வயதிலேயே இறந்துபோனார். இரண்டரை வயதிலிருந்து சோறூட்டி, காய்ச்சல் இரவுகளில் தோளில் போட்டு நடந்தவன் நான். அவள் அம்மாவை முறைப்படி மணந்தவன். ஆனாலும் இங்கிலாந்துச் சட்டத்தில் தாலியோடு சேர்ந்து அந்தப் பொறுப்பு வந்துவிடாது. மனைவி வேலையிடத்திலிருந்து ரயில் பிடித்து வந்து சேரும்வரை, கட்டுப்போட்ட அந்தச் சின்னக் கையின் விரல் நுனிகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உயிர் போகும் அவசரமென்றால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டார்கள். இது பொறுக்கக்கூடிய முறிவு. அந்தச் செவிலியர் மேல் எனக்குக் கோபமில்லை.

அடுத்த ஆடியில் ராஜபாளையம் போனோம். மாந்தோப்புகளைக் கடந்து மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். ஓடைப் பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது தூரத்துச் சொந்தமான பெரியம்மா ஒருத்தி வந்தாள். "உன் ஜாடையே இல்லையேப்பா, யாரு பிள்ளை?" நான் வாய் திறக்குமுன் என் அம்மா சொன்னாள்: "எம் பேத்தி. வேற யாரு வீட்டுப் பிள்ளையாம்?" சொல்லிக்கொண்டே பிள்ளையின் வாயில் ஒரு கவளம் வைத்தாள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். துளசிச் செடியடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த நந்தவனத்தைக் காட்டினேன். "அப்போ ஆண்டாளோட நிஜ அப்பா யாருப்பா?" என்றாள் மகள். பதில் ஆண்டாளிடமே இருக்கிறது. திருப்பாவையை முடிக்கும் இடத்தில் அவள் தன்னை 'பட்டர்பிரான் கோதை' என்கிறாள். பட்டர்பிரான் என்பது வளர்த்த தகப்பனின் பெயர். அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் தன் பெயரைச் சொல்கிறாள்.

அந்த மண்ணின் இன்றைய சட்டமோ வேறு மாதிரி. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்லும் 6-ஆம் பிரிவில், தந்தை, தாய் என்ற சொற்களுக்குள் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. 2022-இல் அகெல்லா லலிதா வழக்கில் உச்ச நீதிமன்றம், மறுமணம் செய்த தாய் பிள்ளைக்குப் புதுக் கணவரின் குடும்பப் பெயரைச் சூட்டலாம் என்றது. ஆவணங்களில் அவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்க உயர் நீதிமன்றம் சொன்னது பிள்ளையின் மனதை நினைக்காத கொடுமை என்றும் கண்டித்தது. படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

லண்டன் திரும்பிய முதல் வாரமே வேலையை முடித்தோம். 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 4ஏ என்ற பிரிவு இருக்கிறது. 2005 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பெற்றவரை மணந்தவர், ஓர் ஒப்பந்தப் படிவத்தின் மூலமே பெற்றோர் பொறுப்பைப் பெறலாம். நானும் மனைவியும் நீதிமன்ற அலுவலர் முன் கையெழுத்திட்டு, பதிவுக்காக லண்டன் மத்திய குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பினோம். தாயின் பொறுப்பு இதனால் குறையாது. பெற்ற தந்தைக்கும் பொறுப்பு இருந்தால் அவரும் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். பிள்ளைக்கு 18 வயதாகும்போது இந்தப் பொறுப்பு முடிந்துவிடும். வாரிசுரிமையும் இதில் வராது, அதற்கு உயிலோ தத்தோ வேண்டும்.

இங்கிலாந்தில் மனைவியின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் தமிழ்த் தகப்பன்மாரே, ஆஸ்பத்திரி வாசலில் போய் இதைத் தெரிந்துகொள்ளாதீர்கள். அந்தப் படிவத்தில் இந்த வாரமே கையெழுத்திடுங்கள்.