பாரதப்புழைக் கரையில் கேட்ட கேள்வி

கோவையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்ததும் காற்றே மாறிவிடுகிறது. ஷொர்ணூரை விட்டபின் பாரதப்புழை இருப்புப்பாதைக்கு அருகே வந்து, மணல் திட்டுகளிடையே மெலிந்து நெளிந்து, நெடுந்தொலைவு நமக்குத் துணையாக வருகிறது. ஆனால் சென்ற ஆண்டு அவ்வழியே சென்றபோது அவ்வழகில் என் மனம் செல்லவில்லை.

என் துணைவியார் பக்கவாதத்தால் வீழ்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வலப்பக்கம் செயலற்றது, பேச்சும் நின்றது. எனக்கோ வயது 74. ஓய்வுபெற்ற ஆசிரியனான என் ஓய்வூதியம் 34,000 ரூபாய். அதில் பகல்நேரப் பணிப்பெண்ணுக்கு 16,000. மருந்துக்கும் உடற்பயிற்சி அளிப்பவருக்கும் 9,000. இரவுப்பணி முழுவதும் என்னுடையது.

முதியோர் இல்லங்கள் மூன்றை நாடினேன். ஒன்றில் நடமாடக்கூடியவர்களுக்கே இடம். மற்றொன்றில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கட்டடங்கள். 46 ஆண்டுகள் ஒன்றாய் வாழ்ந்த நாங்கள் மாலையில் ஒரு மணி நேரம் சந்தித்துக்கொள்ளலாமாம். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து தங்கலாம். முன்பணம் 4 இலட்சம், மாதந்தோறும் 45,000. வீட்டை விற்றாலன்றி இயலாது. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தோர்க்கு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை நடுவண் அரசின் மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கே உதவும். வீட்டில் ஆண்டுக்கணக்கில் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளுக்கு அதில் கூலி இல்லை.

இந்நிலையில், குற்றிப்புரத்தில் வாழும் உறவினர் என்னை அழைத்தார். மகள் வந்து மூன்று நாள் தாயைக் கவனித்துக்கொள்ள, நான் புறப்பட்டேன்.

மறுநாட்காலை, மலப்புரம் மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்கு நோயாளிகளைக் காணச் செல்லும் குழுவுடன் என்னையும் அழைத்துச் சென்றனர். செவிலியர் ஒருவர், தன்னார்வலர் இருவர்: ஒருவர் மளிகைக் கடைக்காரர், மற்றவர் கல்லூரி மாணவி. தென்னந்தோப்பினுள் ஓட்டு வீடு. கட்டிலில் முதியவர், அருகே மெலிந்த அவர் மனைவி. செவிலியர் நோயாளியிடம் செல்லுமுன் அந்த மூதாட்டியின் கையைப் பற்றி, “உம்மா, நீங்கள் உறங்கினீர்களா?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மூன்றாண்டுகளில் என்னை எவரும் அவ்வாறு கேட்டதில்லை.

பிறகு படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்டனர்; சிறுநீர்க் குழாயை மாற்றினர்; இரண்டு மணிக்கொருமுறை முதுகு நோகாமல் நோயாளியைத் திருப்பும் முறையை மூதாட்டிக்கு மீண்டும் செய்து காட்டினர். கட்டிலின் மேலிருந்த காற்று மெத்தை அவர்கள் இரவலாகக் கொடுத்தது. கட்டணம் ஏதும் இல்லை.

இப்பணி 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் தொடங்கிய வலிநிவாரணச் சங்கத்திலிருந்து வளர்ந்தது. பின்னர் மலப்புரத்தில் ஊர்மக்களே பயிற்சி பெற்றுத் தத்தம் ஊர் நோயாளிகளைப் பொறுப்பேற்றனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுக்க, உள்ளாட்சிகளும் செவிலியரை அமர்த்தின. கடைகளில் வைக்கும் உண்டியல்களிலும் மாணவர்களின் வசூலிலும் சேரும் சிறு தொகைகளே ஊர்க் குழுக்களுக்குப் பெருந்துணை.

இதிலும் குறையுண்டு. குழுவினர் சில நாட்களுக்கொருமுறைதான் வருவர். இரவெல்லாம் விழித்திருப்பது குடும்பமே. தனித்து வாழ்வோர்க்கும், வீட்டில் பார்க்க இயலாதோர்க்கும் இல்லங்கள் வேண்டும். அங்கே சேர்ப்பது அன்பின்மை ஆகாது.

ஊர் திரும்பியதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகினேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிற்கே வரும் என்பதை அதுவரை நான் விசாரித்ததே இல்லை! பெயரைப் பதிந்தேன், மாதச் செலவில் 4,000 ரூபாய் குறைந்தது. பங்குத்தந்தையிடமும் மனம் திறந்தேன். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த நால்வர் முறைவைத்து ஞாயிறு காலையிலும் புதன் பிற்பகலிலும் என் துணைவியாருடன் இருக்கின்றனர். ஞாயிறன்று நான் திருப்பலிக்குச் செல்கிறேன், புதனன்று உறங்குகிறேன். வீட்டை விற்கவில்லை.

அன்பர்களே, நோயுற்றோரைச் சந்திக்கச் செல்கையில் பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறோம், நல்லதே. அத்துடன், கட்டிலருகே நிற்பவரையும் ஒருகணம் நோக்கி, “நீங்கள் உறங்கினீர்களா?” என்று கேளுங்கள். “இல்லை” என்று விடை வந்தால், அன்று இரண்டு மணி நேரம் அங்கே அமர்ந்திருங்கள்.